ஃபொராமினிஃபெரா: துளையா, புழையா?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து: தமிழ்வழி மேல்நிலை வகுப்பின் செய்முறைத் தாள் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஃபொராமினிஃபெரா (பெரும்பாலும் கடலில் வாழும் ஒற்றைச் செல் உயிரி), அதன் 'டெஸ்ட்' (உடலை மூடும் உறை), அது படிந்த 'ஊஸ்' (கடலடிச் சேறு): மூன்றுக்கும் தமிழ்ச் சொல் வேண்டும். கணினி மொழிபெயர்ப்பு டெஸ்டை 'சோதனை', ஊஸை 'கசிவு' என்கிறது. 'உலர்ந்த சோதனையை ஈரத் தூரிகையால் எடுக்கவும்' என்று அச்சிட முடியுமா?

நாகர்கோவிலிலிருந்து: 'துளையுடலி' போதும்.

வாளையாரிலிருந்து: போதாது ஐயா. 1826-இல் பிரெஞ்சு இயற்கையியலர் டோர்பின்யீ பெயர் வைத்தது அறைகளுக்கு நடுவிலுள்ள திறப்பைப் பார்த்து, சுவரின் நுண்துளைகளைப் பார்த்தல்ல. அந்தச் சிறுவாயில்தான் 'புழை'. புழைக்கடையில் இன்னும் வாழ்கிறது. 'புழையுயிரி' என்போம். புழல், ஏன் புழுவும்கூட, அதே வேர் என்பது என் ஊகம்.

பாலக்காட்டுச் சித்தூரிலிருந்து: இங்கே மலையாளத்தில் புழை என்றால் ஆறு, சார். பாரதப்புழை பார்த்த பிள்ளை 'ஆற்றுயிரி' என்று எழுதும். 'நுண்நந்து' வையுங்கள்; நந்து என்றால் நத்தை.

வாளையார்: 'நந்தும் முரளும் ஈரறி வினவே' என்கிறது தொல்காப்பியம். ஒற்றைச் செல்லுக்கு ஈரறிவா? டோர்பின்யீ இவற்றைக் கணவாயோடு சேர்த்தார். மெல்லுடலி அல்ல என்று 1835-இல் உயிரியலர் துஜார்டின் காட்டினார். அந்தப் பழைய பிழை நமக்கு எதற்கு?

நாகர்கோவில்: வெள்ளிக்கிழமை நினைவிருக்கட்டும். 'டெஸ்ட்' என்பதற்குக் 'கூடு'. சில இனங்கள் மணல்துகளை ஒட்டிக் கட்டுவதால் குளவிக்கூடு போலப் பொருந்தும்; 'ஓடு' பொருந்தாது. 'ஊஸ்' என்பதற்கு 'அளறு'. உயிரெச்சம் 30 சதவீதத்துக்கு மேல் இருந்தால்தான் அந்தப் பெயர். வெறும் 'சேறு' போதாது.

சித்தூர்: அளறு குறள் 255-இல் நரகம்.

வாளையார்: சேற்றிலிருந்துதான் நரகம் வந்தது. 835-இல் பேதை 'புக்கு அழுந்துவது' எதில்?

கொழிஞ்சாம்பாறை: திருத்திய பகுதி இது. 'படிவு 10 கிராமை நீரில் ஊறவைத்து, 63 மைக்ரான் சல்லடையில் மெல்லிய நீர்த்தாரையில் அலசுக. விரலால் தேய்த்தால் கூடு நொறுங்கும். அலசும் நீரில் அமிலம் கலந்திருந்தால் சுண்ணக்கூடு கரையும். சல்லடையில் தங்கியதைக் காயவைத்து உருப்பெருக்கியின் கீழ்ப் பொறுக்குக. ஒரு சிட்டிகையைத் தனியே வைத்து, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு துளி விடுக: நுரைத்தால் சுண்ணாம்பு உண்டு. ரேடியோலேரியா, டயாட்டம் என்ற வேறு நுண்ணுயிரிகளின் கூடுகள் சிலிக்கா, நுரைக்கா.' ஆழ்கடலில் சுமார் 4,500 மீட்டருக்குக் கீழே சுண்ண அளறு அரிது, போய்ச் சேருமுன்னும் சேர்ந்தபின்னும் கரைந்துவிடுகிறது என்பதையும் சேர்த்துவிட்டேன். கூடு, அளறு இருக்கட்டும். உயிரியின் பெயர் ஃபொராமினிஃபெராவே.

வாளையார்: அடைப்புக்குள்ளாவது 'புழையுயிரி' போடலாமே?

சித்தூர்: போடுங்கள். பக்கத்தில் 'ஆறு அன்று' என்று இன்னோர் அடைப்பும் போடுங்கள்.