மறு: பாழடைந்த மனநல மருத்துவமனைப் படங்கள்

உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

மெல்போர்ன் அண்ணன் நம் குழுவுக்கு அனுப்பிய பாழடைந்த மருத்துவமனைப் படங்களுக்கு வந்த பதில்களைப் படித்தேன். பாதிப் பேர் "பேய் பங்களா" என்கிறீர்கள், மீதிப் பேர் "ராத்திரி தூக்கமே வரல" என்கிறீர்கள். அது நான் இருக்கும் நியூயார்க் மாநிலத்தில், செனகா ஏரிக்கரையில் உள்ள வில்லார்ட் மனநல மருத்துவமனை. அதனால் நானும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

பெயின்ட் உரிந்து தொங்குவதும் கூரை இறங்கிக் கிடப்பதும் ஆட்கள் காலி செய்த பிறகு நடந்தவை. இத்தனை வருஷம் பூட்டிப் போட்டால் நம் ஊர் ரைஸ்மில்லும் அப்படித்தான் ஆகும். உள்ளே இருந்தவர்களைப் பற்றி அந்தச் சுவர்களுக்கு எதுவும் தெரியாது.

அந்த இடம் இரக்கப்பட்டுக் கட்டியதுதான். ஏழை விடுதிகளில் கட்டிப் போட்டிருந்த மனநோயாளிகளை மீட்பதற்காக 1869ல் திறந்தார்கள். முதலில் வந்த பெண்ணைச் சங்கிலியோடுதான் படகில் கொண்டு வந்தார்களாம். ஆனால் வந்தவர்களில் பாதிப் பேர் சாகும்வரை வெளியே போகவே இல்லை. 1950களில் புது மருந்துகள் வந்தன, மனநோயாளிகளை அவரவர் ஊர்ப்பக்க மையங்களிலேயே கவனிக்கலாம் என்று 1963ல் அதிபர் கென்னடியின் சட்டம் வந்தது, நாடு முழுக்க இப்படிப்பட்ட மருத்துவமனைகள் காலியாகத் தொடங்கின. வில்லார்டை 1995ல் மூடினார்கள்.

மூடும்போது பரணில் சுமார் 400 பெட்டிகள் கிடைத்தன. நோயாளிகள் வந்து சேர்ந்த அன்று கையில் கொண்டுவந்தவை. ஜான் கிறிஸ்பின் என்ற புகைப்படக்காரர் அவற்றைப் படம் எடுத்திருக்கிறார். பயமுறுத்துகிற படங்களைத் தள்ளி வையுங்கள், இதைத் தேடிப் பாருங்கள். பெட்டிகளை வைத்திருக்கும் மாநில அருங்காட்சியகக்காரர்கள் ஒவ்வொரு பெட்டியையும் காகிதம் சுற்றி வெள்ளைத் துணி நாடாவால் கட்டி வைத்திருக்கிறார்கள். அந்தக் கட்டோடு ஒரு படம், பிரித்த பிறகு ஒரு படம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அகதியாக வந்த ஓர் உக்ரைன்காரர் பெட்டியும் அதில் உண்டு. மனைவியைப் பறிகொடுத்தவர். அதிபர் ட்ரூமனின் மகளைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொல்லிக்கொண்டு வாஷிங்டன் போனார், பிடித்து இங்கே அனுப்பிவிட்டார்கள். பெட்டிக்குள் அவருடைய கல்யாண போட்டோ. அங்கே இருந்தவர்களில் பிழைக்க வந்த வெளிநாட்டுக்காரர்கள் நிறையப் பேர். நாமும் பெட்டியோடு வந்து இறங்கியவர்கள்தானே என்று தோன்றாமல் போகாது.

எனக்குக் கோபம் வருவது கல்லறை விஷயத்தில். 5,700க்கும் மேற்பட்டவர்களை அங்கே புதைத்திருக்கிறார்கள், அடையாளத்துக்கு எண் மட்டும்தான். லாரன்ஸ் மோக்கா என்ற நோயாளி 1,500க்கும் மேற்பட்ட குழிகளைத் தோண்டியவர், 1968ல் தொண்ணூறு வயதில் இறந்தார். அவருக்குப் பெயர் போட்டு ஒரு கல் நடவே ஊர்க்காரர்கள் மாநில அரசோடு போராட வேண்டியிருந்தது. நோயாளியின் அந்தரங்கத்தைக் காக்கிறோம் என்றார்கள். செத்து அத்தனை வருஷம் ஆனவருக்கு என்ன அந்தரங்கம்? மனநோய் வெட்கக்கேடு என்ற பழைய நினைப்புக்கு இப்போது சட்டம் ஒரு சாக்கு, அவ்வளவுதான்.

அப்புறம், வில்லார்டுக்குள் போய்ப் பார்க்கலாமா என்று துபாய் தம்பி கேட்டதற்குப் பதில்: அது அரசு நிலம். வேலி தாண்டிப் போய் வீடியோ எடுக்கலாம் என்று கனவு காணாதே, போலீஸ் பிடிக்கும். பெட்டிகள் ஆல்பனியில் மாநில அருங்காட்சியகத்தின் பொறுப்பில் இருக்கின்றன. அமெரிக்கா வந்தால் சொல், ஆல்பனிக்கு நானே கூட்டிப் போகிறேன்.