கரண்ட் போன பிறகும் நான்கு வினாடி: ட்யூப் ஹெட்ஃபோன் ஆம்ப் அனுபவங்கள்

பெரம்பூர்க் காது

ட்யூப் ஹெட்ஃபோன் ஆம்ப் ஒன்று வாங்கி எட்டு மாதம் ஆகிறது. ஓடிஎல் வகை, அதாவது வெளியீட்டில் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாதது. ட்யூப், அதாவது வால்வு, முன்னால் 6எஸ்என்7 இரண்டு, பின்னால் 6ஏஎஸ்7ஜி இரண்டு. ஹெட்ஃபோன் சென்ஹைசர் எச்டி 650. கஸ்டம்ஸ் சேர்த்து இரண்டரை லட்சத்தைத் தாண்டிவிட்டது. நன்றாக இருக்கிறதா என்று வீட்டில் கேட்டால் ஆமாம் என்றுதான் சொல்லி வந்தேன். உண்மையில் எனக்குப் பிடிபடவே இல்லை. பழைய டிரான்சிஸ்டர் ஆம்பையும் இதையும் மாற்றி மாற்றிப் போட்டு, ஒரே பத்து நொடியைத் திரும்பத் திரும்பக் கேட்டு, நோட்டில் எழுதி வைப்பேன். மறுநாள் படித்தால் நான் எழுதியதை நானே நம்ப மாட்டேன்.

போன மே மாதம் ஒரு ராத்திரி. பின்னால் இருக்கும் அந்த இரண்டு வால்வும் ஹீட்டருக்கு மட்டுமே ஆளுக்கு 16 வாட் இழுக்கும். அறை அடுப்பங்கரை மாதிரி இருந்தது. பேட்டரியில் ஓடும் கையடக்க பிளேயரில் ஒரு பழைய கச்சேரிப் பதிவு. பெண் குரல், ஆலாபனை. பாதியில் கரண்ட் போனது. ஃபேன் நின்றது, தெரு முழுக்க இருட்டு. பாட்டு நிற்கவில்லை.

ஒரு நான்கு வினாடி இருக்கும். குரல் அறுபடாமல் மெல்ல இறங்கியது. ஓரத்தில் லேசாகக் கரகரப்பு. பாடிக்கொண்டே கூடத்தைத் தாண்டிப் பின்கட்டுக்குள் போகிறவர் மாதிரி தேய்ந்து மறைந்தது. அப்புறமும் வால்வுக்குள் ஆரஞ்சு வெளிச்சம் கொஞ்ச நேரம் கிடந்தது. பிளேயர் திரையில் வினாடி தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

கெபாசிட்டரில் மிச்சம் இருந்த மின்சாரம், வால்வுக்குள் எலக்ட்ரானை உமிழும் கேத்தோடு இன்னும் ஆறவில்லை. காரணம் எனக்குத் தெரியும். ஆனாலும் இருட்டில் அப்படியே உட்கார்ந்திருந்தேன், கண் கலங்கிவிட்டது. அத்தனை மாதம் ஒப்பிட்டுக் கேட்டதில் கிடைக்காதது அந்த நான்கு வினாடியில் கிடைத்தது. அது ஆம்பின் குணமா, அந்த இருட்டின் குணமா என்றுதான் இன்னும் தெரியவில்லை. உங்களுக்கு இப்படி ஏதாவது நடந்ததா?

மதுரை மல்டிமீட்டர்

சார், அது இருட்டின் குணம். மனம் வருந்தச் சொல்லவில்லை, எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

என்னிடம் இருப்பது பாட்டில்ஹெட் கிராக் என்ற ட்யூப் ஆம்ப். கிட் வாங்கி நானே சால்டர் வைத்தது. 12ஏயூ7 ஒன்று, 6080 ஒன்று. அதே எச்டி 650தான். அதையும் ஒரு டிரான்சிஸ்டர் ஆம்பையும் ஒப்பிடும்போது முதலில் சத்தத்தைச் சமன் செய்ய வேண்டும். காதால் அது முடியாது. 1 கிலோஹெர்ட்ஸ் டோன் போட்டு, ஹெட்ஃபோன் முனையில் மீட்டர் வைத்து இரண்டிலும் ஒரே ஏசி வோல்ட் வரும்படி திருக வேண்டும். கால் டெசிபெல் கூடினால்கூட 'கூடின சத்தம்' என்று தோன்றாது, 'தெளிவு' என்று தோன்றும். எல்லோரும் சறுக்குகிற இடம் அதுதான்.

சமன் செய்துவிட்டு, எது எது என்று தெரியாமல் மனைவியை மாற்றச் சொன்னேன். மிருதங்கம் வைத்து 12 முறை, 10 சரி. வயலின் வைத்து 12 முறை, 6தான் சரி. அதாவது பூவா தலையா போட்டது போல. அப்படியானால் வித்தியாசம் கீழ் ஸ்தாயியில் இருக்கிறது. யோசித்துப் பார்த்தேன். எச்டி 650-ன் இம்பீடன்ஸ் (மின் தடுப்பு) பெயருக்கு 300 ஓம், ஆனால் 100 ஹெர்ட்ஸ் பக்கம் 500 ஓம் வரை ஏறும். என் ஆம்பின் அவுட்புட் இம்பீடன்ஸ் அளந்தபோது ஏறத்தாழ 120 ஓம். கணக்குப் போட்டால் அந்த இடத்தில் மட்டும் 1 டெசிபெல் தூக்கல் வருகிறது. மிருதங்கத்தின் தொப்பியில் (கனத்த ஒலி தரும் பக்கம்) விழும் அடி அதனால்தான் 'கனமாக' இருந்தது.

அடுத்து டிரான்சிஸ்டர் ஆம்பின் வெளியே சேனலுக்கு ஒரு 120 ஓம் ரெசிஸ்டரைத் தொடராகப் போட்டு, மறுபடி சமன் செய்து, மறுபடி மிருதங்கம். 12-ல் 6.

அந்த 6 என்னை விடவே இல்லை. மூன்று வாரம் ராத்திரி ராத்திரி உட்கார்ந்து கட்டிய ஆம்ப். மனைவி தாளை என் பக்கம் திருப்பிக் காட்டியபோது அவர் முகத்தில் வருத்தம் இருந்தது. எனக்காக வருத்தம்.

உறையூர் வால்வு

மல்டிமீட்டர் தம்பி, கணக்கு சரிதான். ஆனால் நீங்கள் சோதித்தது ஒரு ஹெட்ஃபோன், ஒரு ஆம்ப். அதிலிருந்து பெரம்பூர்க்காரருக்குத் தீர்ப்பு எழுதக் கூடாது. அவர் வித்தியாசம் கேட்டேன் என்று சொல்லவே இல்லை. கேட்கவில்லை என்றுதான் எழுதியிருக்கிறார், மறுபடி படியுங்கள்.

என் கதை சிறியது. எங்கள் ஊர் ரேடியோ மெக்கானிக் ஒருவர் கட்டிக்கொடுத்த ஆம்ப், சேனலுக்கு ஒரு ஈஎல்84, டிரான்ஸ்ஃபார்மர் அவுட்புட். அதனால் 32 ஓம் கிராடோ ஹெட்ஃபோனும் ஓடும். வால்வு, பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ் தயாரித்தது. வீட்டு ரேடியோவில் வரிசையாக நின்ற அதே சாதி. ஒன்று தளர்ந்துபோய், மாற்று தேடி வெளியூரிலிருந்து வரவழைத்தேன். எங்கே என்று சொல்லப்போவதில்லை. பெட்டியைத் திறந்தேன். அட்டை புதுசு, கண்ணாடியில் கீறல் இல்லை. ஆனால் உச்சியில் வெள்ளிக் கண்ணாடி போல மின்ன வேண்டிய கெட்டர், அதாவது உள்ளே மிச்சக் காற்றை உறிஞ்சும் பூச்சு, பால் வெள்ளையாக இருந்தது. நீர்த்த மோரைத் தம்ளரில் சுழற்றிக் கொட்டினால் உள்ளே படியுமே, அப்படி. காற்று புகுந்துவிட்டது என்று அர்த்தம். சாக்கெட்டில் போட்டுப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை, செத்த வால்வு.

எத்தனை வருடம் யார் வீட்டு அலமாரியிலோ பத்திரமாக இருந்திருக்கும். கடைசி இரண்டு நாள் பயணத்தில், அடியில் பின்கள் இருக்கும் பக்கத்தில் முடி அளவு விரிசல். அதைக் குப்பையில் போட மனம் வராமல் பூஜை அலமாரிக்குக் கீழ்த்தட்டில் வைத்திருக்கிறேன்.

ஸ்கார்பரோ செவி

நான் கனடாவில் இருக்கிறேன், ஊர் யாழ்ப்பாணம். இரண்டு வருடத்துக்கு முன் அப்பாவுக்கென்று என் பழைய ட்யூப் ஆம்பைக் கொண்டுபோனேன். 120 வோல்ட் ஆம்ப், அதனால் வோல்டேஜை இறக்கும் ஸ்டெப் டவுன் பெட்டி ஒன்றும் வாங்கிக்கொண்டேன். வோல்டேஜைச் சரிக்கட்டினால் போதும் என்று நினைத்துவிட்டேன். கனடாவில் 60 ஹெர்ட்ஸ், யாழ்ப்பாணத்தில் 50. 60-க்கென்றே அளவாகச் சுற்றிய டிரான்ஸ்ஃபார்மரை 50-ல் போட்டால் இரும்புக்குள் காந்தப் பாயம் ஐந்தில் ஒரு பங்கு கூடும். கோர் தாங்காது, சூடாகும், உறுமும்.

போட்டுப் பத்து நிமிஷம். ஹெட்ஃபோனுக்குள் உறுமல் இல்லை, ஆம்ப் பெட்டிதான் உறுமியது. அப்பா ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு, ஆம்பின் டிரான்ஸ்ஃபார்மர் மூடியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார், பிள்ளைக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரி. "தம்பி, இதுக்கு ஏலாமக் கிடக்கு, நிப்பாட்டு" என்றார். நிப்பாட்டினேன். ஒரு பாட்டுக்கூட முழுசாகக் கேட்கவில்லை. போன வருடம் அப்பா காலமாகிவிட்டார். ஆம்ப் இப்போது திரும்ப என்னிடம், நன்றாக ஓடுகிறது. நான் அதைப் போடுவதில்லை.

நாகர்கோவில் சவுண்டு

பெரம்பூர் அண்ணன் எழுதிய அந்த நான்கு வினாடி மின்சாரம்தான் என்னை அடித்தது. ஆம்பில் ஹம், அதாவது உறுமல், வருகிறதே என்று வால்வு எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஸ்விட்ச் போட்டு அளந்தேன். அணைத்தேன், பிளக்கைக்கூடப் பிடுங்கினேன். ஐந்து நிமிஷம் கழித்துக் கை வைத்தபோது முழங்கை வரை ஒரே அடி. வால்வு இல்லாததால் கெபாசிட்டரைக் குடிக்க ஆள் இல்லை, அது அப்படியே நிரம்பிக் கிடந்திருக்கிறது.

அதனால் எல்லோருக்கும் சொல்கிறேன். மூடியைத் திறக்கும் முன் கெபாசிட்டர் மேல் மீட்டர் வையுங்கள். மிச்சம் இருந்தால் வாட் கூடிய ரெசிஸ்டர் வழியாக இறக்குங்கள். ஸ்க்ரூ டிரைவரைக் குறுக்கே வைத்துப் பொறி பறக்கவிடாதீர்கள். ஒரு கையைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டுதான் வேலை. ஹம் போகட்டும் என்று மூன்று பின் பிளக்கில் எர்த்தை வெட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து செய்யாதீர்கள். உள்ளே எங்காவது இன்சுலேஷன் போனால் அந்த இரும்புப் பெட்டி முழுக்கக் கரண்ட். ஹம் வந்தால் பிளேயரையும் ஆம்பையும் ஒரே பிளக் போர்டில் போட்டுப் பாருங்கள், பாதி வீட்டில் அதிலேயே போய்விடும். பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் ஓட்டாதீர்கள், டிரான்ஸ்ஃபார்மர் கத்தும். சைன் வேவ் பரவாயில்லை. ஓடிஎல் வைத்திருப்பவர்கள் ஸ்விட்ச் போட்டு ஒரு நிமிஷம் கழித்து ஹெட்ஃபோனைச் சொருகுங்கள், ஆரம்பத்தில் வரும் 'டொப்' ஹெட்ஃபோனுக்குள் இருக்கும் டிரைவருக்கு ஆகாது. மூடிய அலமாரிக்குள் வைக்காதீர்கள், மேலே ஒரு முழமாவது இடம் விடுங்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டில் வால்வுக்குக் கூண்டு போடுங்கள், அந்தக் கண்ணாடி தொட்டால் தோல் ஒட்டும்.

உறையூர் வால்வு

எல்லாம் நல்ல அறிவுரைதான் தம்பி, இதைத் தனியாக எழுதி வையுங்கள், நானே நாலு பேருக்கு அனுப்புவேன். ஆனால் ஸ்கார்பரோக்காரர் எழுதியதற்கு அடுத்து இது வந்துவிட்டது. ஐயா, அப்பா மூடியில் கை வைத்ததைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் நான் எழுந்திருக்கவில்லை. அந்த ஆம்பை ஒரு நாளாவது போட்டுக் கேளுங்கள்.

மதுரை மல்டிமீட்டர்

வால்வு ஐயா சொன்னது சரி, நான் அவசரப்பட்டுவிட்டேன். பெரம்பூர் சார், உங்களுடையது வேறு ஆம்ப், இம்பீடன்ஸும் வேறாக இருக்கும். முதலில் அதை அளந்துவிட்டு அதே அளவு ரெசிஸ்டரைப் போட்டுப் பாருங்கள். ரிச்சி தெருவில் சில ரூபாய்தான். என்ன வந்தாலும் எழுதுங்கள், எனக்குத் தெரிய வேண்டும்.

பெரம்பூர்க் காது

ரெசிஸ்டர் வாங்கிவிட்டேன், 47, 100, 120 என்று மூன்று அளவில் இரண்டிரண்டு. இன்னும் சால்டர் வைக்கவில்லை.

ஆனால் நேற்று ராத்திரி வேறொன்று செய்தேன். அதே பதிவு, அதே இடம். லைட்டை அணைத்துவிட்டு, ஆலாபனை அந்த இடத்துக்கு வந்ததும் நானே பிளக்கைப் பிடுங்கினேன். குரல் அன்றைக்கு இறங்கிய மாதிரியேதான் இறங்கியது. கரகரப்பும் அப்படியே இருந்தது. நான் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டிருந்தேன். நாலு எண்ணி முடித்தபோதுதான் பாட்டைக் கேட்கவே இல்லை என்று தெரிந்தது.

பிளக்கை மறுபடி சொருகி, ஒரு நிமிஷம் காத்திருந்து, முதலிலிருந்து போட்டேன். நோட்டை எடுக்கவில்லை. பன்னிரண்டரை மணிக்குத்தான் எழுந்தேன்.