பருத்தித்துறையிலை தகரக் கூரை எத்தினை வருசம் தாங்கும்? (கடலுக்கு 300 மீற்றர்)

துறைமுனை:

வணக்கம் எல்லாருக்கும். அம்மாவின்ரை வீட்டுப் பின்பக்கம் குசினியும் விறாந்தையும் சேர்ந்த பகுதிக்குப் பழைய அஸ்பெஸ்ரஸ் சீற் கிடக்கு, ரெண்டு மூண்டு இடத்திலை வெடிச்சு ஒழுகுது, இந்த மாரிக்கு முதல் அதைக் கழட்டிப்போட்டு கலர் தகரம் போடுவம் எண்டு யோசிக்கிறம். வீடு பருத்தித்துறையிலை, கடல் ஒரு 300 மீற்றர்தான் வரும், வாடைக்காத்து அடிக்கேக்கை யன்னல் கம்பியைத் தொட்டு நாக்கிலை வைச்சால் உப்புக் கரிக்கும், அப்பிடியான இடம்.

ஒரு ஹார்ட்வெயார் கடையிலை 25 வருசம் எண்டினம், இன்னொரு கடையிலை 40 எண்டினம், எங்கடை ஒழுங்கையிலை இருக்கிற அண்ணை ஒராள் உந்தத் தகரம் எட்டு வருசத்திலை கறள் பிடிச்சுச் சல்லடையாப் போடும் பேசாமல் ஓடு போடு எண்டுறார். ஆரை நம்புறது? 0.35 மில்லிமீற்றர் தடிப்புக்கும் 0.47 க்கும் விலையிலை நல்ல வித்தியாசம், தடிப்பானதை எடுத்தால் கறள் பிடிக்காதோ? திருப்பித் திருப்பிச் செய்ய எங்களிட்டை வசதி இல்லை, ஒருக்காச் செய்தால் அம்மாவின்ரை காலத்துக்கு நிக்கோணும். தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

முகட்டுவளை:

தம்பி, நான் வடமராட்சிப் பக்கம் கூரை வேலைதான் செய்யிறனான். கடைக்காரரும் பொய் சொல்லேல்லை, ஒழுங்கை அண்ணையும் பொய் சொல்லேல்லை, ஆளுக்கொரு தகரத்தை மனசிலை வைச்சுக் கதைக்கினம். அண்ணை சொல்லுறது பழைய சிங்க் தகரம், மீள்குடியேறி வந்த நேரம் கொட்டிலுகளுக்குப் போட்ட மெல்லிசு, அது கடற்கரையிலை எட்டு வருசம் நிண்டதே பெரிய காரியம். இப்ப கலர் சீற் எண்டு வாறதிலை நல்லது எண்டால் உள்ளுக்கு இரும்புத் தகடு, அதுக்கு மேலை அலுமினியமும் சிங்கும் கலந்த பூச்சு, அதுக்கும் மேலைதான் பெயின்ற். அந்தக் கலவை 55 வீதம் அலுமினியம், 43.4 வீதம் சிங்க், 1.6 வீதம் சிலிக்கன், உலகம் முழுக்க உதுதான் கணக்கு.

தடிப்புக்கும் கறளுக்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை. கறளைத் தடுக்கிறது பூச்சு. கடையிலை கேக்க வேண்டிய முதல் கேள்வி ஏஇசட் எத்தினை எண்டுறதுதான். ஏஇசட் 150 எண்டால் ஒரு சதுர மீற்றருக்கு ரெண்டு பக்கமும் சேர்த்து 150 கிராம் பூச்சு. விலை குறைஞ்ச சீற் 50, 70 எண்டும் வருது, பெயின்ற் அடிச்ச பிறகு கண்ணாலை பாத்து ஆருக்கும் வித்தியாசம் தெரியாது. கன சீற்றிலை அடிப்பக்கம் ஒரு வரி எழுத்து அடிச்சிருக்கும், தடிப்பு, ஏஇசட் நம்பர் எல்லாம் அதிலை இருக்கும். ஒண்டும் அடிக்காத சீற் எண்டால் ஆலைச் சேட்டிபிக்கற்றைக் காட்டச் சொல்லுங்கோ, காட்டாட்டி அடுத்த கடைக்குப் போங்கோ.

ஆனால் 0.47 ஐயே எடுங்கோ, அது வேற காரணத்துக்கு. 0.35 இலை ஆள் ஏறி நடந்தால் நெளியும், நெளிஞ்ச இடத்திலை தண்ணி நிக்கும், ஸ்குறூவைச் சுத்திப் பள்ளம் விழும், தேங்காய் விழுந்தால் கேக்கவே தேவையில்லை.

நான் பழைய கூரை கழட்டேக்கை பாக்கிறதைச் சொல்லுறன். சீற்றின்ரை நடு மினுங்கிக்கொண்டு கிடக்கும், புதுசு மாதிரி. ஸ்குறூத் தலையை விரலாலை தட்டினால் பொருக்காக் கொட்டும், அடியிலை இருந்த றப்பர் வாசர் வெயிலிலை காய்ஞ்சு கையிலை மாவாப் போகும், அதைச் சுத்தி ஒரு ரூபாக் குத்தி அளவுக்குச் சிவப்பு. பிறகு தாழ்வாரத்துப் பக்கம் வெட்டின விளிம்பிலை இருந்து ஒரு சாண் அளவுக்கு அடிப்பக்கமாக் கறள் ஏறியிருக்கும். கூரை சாகிறது உந்த ரெண்டு இடத்திலைதான். ஸ்குறூவிலை ஆயிரம் ரூபா மிச்சம் பிடிக்கிறம் எண்டு சீற்றுக்கு லட்சக்கணக்கிலை குடுத்ததைப் பழுதாக்கிற சனத்தைப் பாக்க எனக்கு வயிறு எரியும். கடற்கரைக்கு எண்டு தடிச்ச பூச்சுப் போட்ட ஸ்குறூ இருக்கு, ஈபிடிஎம் றப்பர் வாசரோடை, அதைக் கேட்டு வாங்குங்கோ.

சுண்ணக்கல்:

முகட்டுவளை அண்ணை சொன்னதுக்கு மேலை கொஞ்சம் கணக்குச் சொல்லுறன், ஏன் எண்டால் ஆளாளுக்கு ஒரு வருசம் சொல்லுறது எங்கை இருந்து வருது எண்டு விளங்கினால் நீங்களே முடிவெடுக்கலாம்.

ஒரு இடத்திலை உலோகம் எவ்வளவு கெதியா அரிக்குது எண்டுறதுக்கு ஐஎஸ்ஓ 9223 எண்டு ஒரு தரம் இருக்கு, சி1 இலை இருந்து சி5, அதுக்கு மேலை சிஎக்ஸ். சி3 எண்டால் சிங்க் வருசத்துக்கு 0.7 இலை இருந்து 2.1 மைக்குறோன் (ஒரு மைக்குறோன் எண்டால் மில்லிமீற்றரிலை ஆயிரத்திலை ஒரு பங்கு) கரையும், சி4 எண்டால் 2.1 இலை இருந்து 4.2, சி5 எண்டால் 4.2 இலை இருந்து 8.4. கடலுக்குக் கிட்ட, உப்புக் காத்து நேர அடிக்கிற இடம் சி4 அல்லது சி5 எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ. இப்ப தனிச் சிங்க் பூசின நல்ல தகரத்திலை, இசட் 275 எண்டுறது, ஒரு பக்கத்துக்கு 20 மைக்குறோன் அளவிலை இருக்கும். சி4 இலை அது 5 இலை இருந்து 10 வருசம். மலிவான இசட் 100 எண்டால் ஒரு பக்கம் 7 மைக்குறோன்தான், ரெண்டு மூண்டு வருசத்திலை முடிஞ்சுது, பிறகு இரும்பு வெறுமேலோடை நிக்கும். உங்கடை ஒழுங்கை அண்ணை சொன்ன எட்டு வருசம் வந்தது உதாலைதான். அலுமினியம் சிங்க் கலவைப் பூச்சு அதே இடத்திலை தனிச் சிங்கை விட ரெண்டு இலை இருந்து நாலு மடங்கு நிக்கும், மேலை பெயின்ற் இருந்தால் இன்னும் கூட.

40, 60 எண்டு சொல்லுறது எங்கை இருந்து வருது எண்டால், அமெரிக்காவிலை 14 கட்டடத்துக் கூரையளைச் சோதிச்சு 2014 இலை ஒரு ஆய்வு வெளிவந்தது, அதிலை உந்தக் கலவைப் பூச்சுக் கூரை 60 வருசம் தாங்கும் எண்டு சொன்னவை. ஆனால் அதுகள் ஸ்குறூ வெளியிலை தெரியாமல் மடிச்சுப் பூட்டுற வகைக் கூரை. எங்கடை ஸ்குறூ அடிக்கிற கூரைக்கு, அதுவும் பருத்தித்துறைக்கு, அந்த இலக்கத்தைக் கொண்டுவந்து சொல்லக்கூடாது. வொறன்ரிப் பேப்பரையும் வாங்கி வாசியுங்கோ, கன கொம்பனியள் கடலிலை இருந்து இத்தினை மீற்றருக்குள்ளை எண்டால் பொறுப்பில்லை எண்டு ஒரு வரி போட்டிருப்பினம்.

அடுத்தது, இதைத்தான் எங்கடை ஆக்கள் கவனிக்கிறேல்லை. தகரத்துக்கு மழை எதிரி எண்டு நினைக்கினம், உண்மையிலை மழைதான் உப்பைக் கழுவுறது. எங்களுக்கு மழை எண்டால் பெரும்பங்கும் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியோடை சரி. பிறகு மாதக்கணக்கா உப்பும் புழுதியும் சேர்ந்து அப்பிடியே கிடக்கும், சோளகம் அடிக்கேக்கை இன்னும் கூடும். கடலுப்பு இரவிலை காத்திலை இருக்கிற ஈரத்தை இழுக்கும், மழையே இல்லாமல் தகரம் நனைஞ்சு நிக்கும். தாழ்வாரத்து அடிப்பக்கம் மழைக்காலத்திலையும் கழுவுப்படாது, அதாலைதான் முகட்டுவளை அண்ணை சொன்ன அந்த ஒரு சாண் கறள். அப்ப கோடையிலை ஒண்டு ரெண்டு மாதத்துக்கு ஒருக்கா வெயில் தாழ்ந்த பிறகு ஓசுப் பைப்பாலை கூரையைக் கழுவுங்கோ, தாழ்வாரத்துக்குக் கீழையும் மேல் நோக்கி அடியுங்கோ. நல்ல தண்ணிக் கிணறு எண்டால் மட்டும். சவர்த் தண்ணியாலை கழுவுறது இன்னொரு தரம் உப்புப் பூசுற வேலை.

கோப்பாய்த் தோட்டம்:

எங்களுக்குக் கடல் தூரம், ஆனாலும் கோழிக்கூட்டுத் தகரம் வீட்டுத் தகரத்தை விட எவ்வளவோ முதல் போச்சுது, ரெண்டும் ஒரே நாள் ஒரே கடையிலை வாங்கினது. மேலை பாத்தால் ஒண்டும் தெரியாது, உள்ளுக்கு நிண்டு அண்ணாந்து பாத்தால் ஊசி ஊசியா வெளிச்சம். கோழி எச்சத்திலை இருந்து வாற அமோனியா அடியிலை இருந்து தின்னுது. கலர் சீற்றிலை மேல்பக்கம்தான் பெயின்ற் வடிவா இருக்கும், அடிப்பக்கம் மெல்லிசா ஒரு பூச்சு மட்டும். உங்கடை குசினிக்குமேல் எண்டபடியால் சொல்லுறன், விறகடுப்பு எண்டால் புகைக்கூட்டை நல்லா உயர்த்தி வெளியாலை விடுங்கோ, புகைக்கரியும் ஆவியும் தகரத்திலை படியக்கூடாது.

வேம்பு, மா கூரைக்கு மேலை சாய்ஞ்சு நிண்டால் கொப்பைத் தறியுங்கோ. இலைக்கஞ்சல் சேர்ந்து ஊறின இடத்திலை பெயின்ற் கொப்பளிச்சு எழும்பும்.

துறைமுனை:

எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு விளக்கமா ஒருதரும் சொல்லேல்லை. இன்னும் ரெண்டு கேள்வி. பின்பக்கக் கூரை பெரிய வீட்டுச் சுவரோடை முட்டுது, மேசன் அந்த மூட்டுக்குச் சீமெந்துக் கலவை வைச்சுப் பூசிவிடுறன் எண்டுறார். மற்றது பழைய சிங்க் பீலி நல்லாத்தான் இருக்கு, அதையே திருப்பிப் பூட்டலாமோ?

முகட்டுவளை:

கலவை வைக்க விடாதேங்கோ தம்பி!! ஊரிலை முக்கால்வாசி வீட்டிலை உந்த மூட்டிலைதான் முதல் ஓட்டை விழுகுது. பச்சைச் சீமெந்து காரம், அலுமினியத்தை நேர அரிக்கும், பிறகு தகரம் வெயிலுக்கு நீண்டு சுருங்கக் கலவை வெடிச்சு, வெடிப்புக்குள்ளை தண்ணி நிண்டு, கீழை என்ன நடக்குது எண்டு ஒருதருக்கும் தெரியாது. அதே நிறச் சீற்றிலை மடிச்ச தகட்டைச் சுவரிலை காடி வெட்டிச் செருகி, கூரைக்கு மேலாலை தொங்கவிடச் சொல்லுங்கோ. மேலை சுவர் பூச்சு வேலை ஏதும் இருந்தால் அதைத் தகரம் ஏத்த முதல் முடிச்சுப்போடுங்கோ. இடுக்குக்குச் சிலிக்கோன் பசை அடிக்கிறதெண்டால் வினாகிரி மணக்கிற சிலிக்கோன் வேண்டாம், அந்த அமிலம் தகரத்துக்குக் கூடாது, நியூற்றல் எண்டு போட்டதை வாங்குங்கோ.

பழைய சிங்க் பீலி பூட்டாதேங்கோ. கேக்கப் புதினமா இருக்கும், கலர் சீற்றிலை இருந்து வடியிற தண்ணி சுத்தமான தண்ணி, அது வெறும் சிங்கை இன்னும் கெதியா அரிக்கும். பிளாஸ்ரிக் பீலி போடுங்கோ, அல்லாட்டிச் சீற்றின்ரை அதே வகைத் தகட்டிலை செய்வியுங்கோ. செம்புக் கம்பி, ஈயத் தகடு ஒண்டும் கூரையிலை முட்டக்கூடாது. ரீவி அன்ரனா, சோலர் தண்ணித் தாங்கி பூட்டுறவை செம்புப் பைப்பைக் கூரைக்கு மேலாலை இழுப்பினம், அந்தப் பைப்பிலை இருந்து சொட்டுற தண்ணியே காணும் தகரத்தை ஓட்டையாக்க.

வேலை நடக்கிற அண்டைக்கு நீங்கள் பக்கத்திலை நில்லுங்கோ. கிறைண்டராலை சீற் வெட்ட விடாதேங்கோ, விளிம்பு எரிஞ்சு பூச்சுப் போடும், பறக்கிற பொறி பெயின்றிலை ஒட்டி அடுத்தநாளே சிவப்புப் புள்ளி புள்ளியா வரும். கத்திரியாலை, இல்லாட்டி நிப்ளராலை வெட்டட்டும். ட்றில் பண்ணின இரும்புத் தூளை அண்டண்டைக்கே மெதுவான தும்புத்தடியாலை கூட்டி இறக்கோணும். சாதாரணப் பென்சிலாலை கோடு போடவும் கூடாது, பென்சில் கரியும் பூச்சை அரிக்கும், மார்க்கர் குடுங்கோ. சீற் வந்து இறங்கி அடுக்கிக் கிடக்கேக்கை மழை பட்டால் ரெண்டு சீற்றுக்கு இடையிலை ஈரம் நிண்டு வெள்ளையாப் பூக்கும், நிலத்திலை இருந்து உயர்த்தி ஒருபக்கம் சரிவா வைச்சு மூடுங்கோ.

அஸ்பெஸ்ரஸ் கழட்டேக்கை நல்லாத் தண்ணி அடிச்சு நனைச்சு, உடைக்காமல் முழுசு முழுசா இறக்குங்கோ. அந்தத் தூசு நெஞ்சுக்குள்ளை போனால் திரும்பி வராது. மாஸ்க் போடாமல் ஒருதரும் ஏறக்கூடாது, அம்மாவை அண்டைக்கு வேற எங்கையும் விடுங்கோ.

கரைத்தீவான்:

நான் காரைநகர். 300 மீற்றர் எண்டால் முகட்டுவளை அண்ணை சொன்ன மாதிரிச் செய்தால் காணும், ஆனால் கடலுக்கு நேர முகம் குடுத்த வீடு, அலை உடையிற கரை எண்டால் இரும்பையே மறவுங்கோ, அலுமினியச் சீற் அல்லது ஓடுதான். அலை உடையிற கடலுக்கும் களப்புக் கடலுக்கும் உப்பிலை நல்ல வித்தியாசம். குருநகர், நாவற்குழிப் பக்கம் தண்ணிக்குக் கிட்ட இருந்தும் தகரம் நிக்கிறதுக்குக் காரணம் அதுதான், அதைப் பாத்திட்டுப் பருத்தித்துறைக்காரர் கணக்குப் போடக்கூடாது.

நிறம் மங்கிற நிறமோ எண்டும் பாருங்கோ. கடும் சிவப்பும் நீலமும் வெயிலுக்கு வெளிறுறது கண்ணுக்குத் தெரியும், வெளிர் நிறம் எண்டால் சூடும் குறைவு. பிவிடிஎஃப் பெயின்ற் கிடைச்சால் அது சாதாரண பொலியெஸ்ரரை விடக் கனகாலம் நிறம் நிக்கும், விலையும் அப்பிடி.

துறைமுனை:

அப்ப 0.47, ஏஇசட் 150, வெளிர் நிறம். அம்மாவுக்கும் வாசிச்சுக் காட்டினனான், கூரை கழுவுற வேலையை மட்டும் மறக்காமல் செய் எண்டவ. எங்கடை கிணறு நல்ல தண்ணிதான். கடைசியா ஒண்டு, இப்ப இருக்கிற பனஞ்சிலாகைக்கு மேலையே போடலாமோ இல்லாட்டி எல்லாம் மாத்தோணுமோ?

முகட்டுவளை:

வைரம் பாய்ஞ்ச பனை எண்டால் உங்கடை பிள்ளையளின்ரை காலத்துக்கும் நிக்கும், ஏன் கழட்டுவான். உளி ஒண்டாலை குத்திப் பாருங்கோ, உள்ளுக்கு மாவா இல்லாட்டி விடுங்கோ. ஆனால் தகரம் பாரமில்லாத சாமான், காத்து அதைக் கீழை அமத்துறதை விட மேலை தூக்கத்தான் பாக்கும். 2020 மார்கழிப் புரவிப் புயலுக்குப் பிறகு நாங்கள் திருப்பிப் போட்ட கூரையளிலை சீற் கிழிஞ்சது குறைவு, சிலாகையோடை சேர்ந்து கழண்டு பறந்ததுதான் கூட. அதாலை சிலாகையை வளையோடையும் வளையைச் சுவரோடையும் இரும்புப் பட்டி போட்டு இறுக்குங்கோ, தாழ்வாரத்திலையும் முகட்டிலையும் ஓரத்து ரெண்டு வரிசையிலையும் ஒவ்வொரு மேட்டுக்கும் ஒரு ஸ்குறூ அடிக்கச் சொல்லுங்கோ. வாசர் கொஞ்சமா அமர்ந்தால் காணும், பிதுங்கி வெளியிலை வாற அளவுக்கு முறுக்கினால் அண்டைக்கே றப்பர் போச்சுது. புரட்டாதி முடிய முதல் துவங்குங்கோ, ஐப்பசியிலை எங்களைப் பிடிக்கேலாது.