வாரண்டி காலத்தில் ஆயிலை நாமே மாற்றலாமா? எல்லா சர்வீஸும் டீலரிடம்தான் செய்ய வேண்டுமா?

நீள்சாலை

வணக்கம். என் பைக் 400 சிசி, ஒற்றை சிலிண்டர், லிக்விட் கூலிங். வாரண்டி 2 வருடம். 1000 கி.மீ. முதல் சர்வீஸ் டீலரிடம் முடிந்தது, புத்தகத்தில் சீல் இருக்கிறது. அடுத்த சர்வீஸ் 10,000 கி.மீ. அல்லது 12 மாதம் என்று மேனுவல் சொல்கிறது. இப்போது 11 மாதம் ஆகிறது, ஓடியது 4,300 கி.மீ.தான்.

கி.மீ. இன்னும் ஆகவில்லையே, சர்வீஸைத் தள்ளிப்போடலாமா? நடுவில் ஆயில், ஃபில்டர், செயின் வேலைகளை வீட்டில் செய்தால் வாரண்டி போய்விடுமா? "வெளியே கை வைத்தால் வாரண்டி கிடையாது" என்கிறார் டீலர். ஸ்லிப்-ஆன் (பின்பகுதியை மட்டும் மாற்றும்) சைலன்சரும், கூடுதலாக இரண்டு எல்இடி விளக்கும் போடும் எண்ணமும் இருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

டார்க்ரெஞ்ச்

தள்ளிப்போடாதீர்கள் நண்பரே. "10,000 கி.மீ. அல்லது 12 மாதம்" என்றால் இரண்டில் எது முன்னால் வருகிறதோ அதுதான் கணக்கு. குறைவாக ஓடும் வண்டிக்குத்தான் இந்த மாதக் கணக்கு இன்னும் முக்கியம். கிட்டத்திலேயே போய் வரும் வண்டியில் ஆயில் முழுச் சூட்டுக்கு வருவதே இல்லை. எரிந்ததில் உண்டாகும் நீராவியும், எரியாத பெட்ரோலும் ஆயிலிலேயே தங்கி அமிலமாகிவிடும். மீட்டர் 4,300 காட்டினாலும் ஆயில் கெட்டுப்போயிருக்கும்.

சில கம்பெனிகள் இத்தனை கி.மீ., இத்தனை நாள் முன்பின் இருக்கலாம் என்று சலுகை தருவார்கள். அது வாரண்டி புத்தகத்தில் எழுதியிருந்தால் மட்டும் நம்புங்கள். இப்போதே அப்பாயின்ட்மென்ட் கேளுங்கள், அதுவும் மெசேஜிலோ மெயிலிலோ. அவர்கள் மூன்று வாரம் தள்ளித் தேதி கொடுத்தால், தாமதம் உங்களுடையது இல்லை என்பதற்கு அதுதான் ஆதாரம்.

அடுத்து, டீலர் சொன்னது. வாரண்டி புத்தகத்தில் சர்வீஸ் பற்றிய பத்தியை எடுத்து வார்த்தை வார்த்தையாகப் படியுங்கள். பொதுவாக இரண்டு விதமாக எழுதியிருப்பார்கள். ஒன்று, "அட்டவணைப்படி எல்லா சர்வீஸும் அங்கீகரிக்கப்பட்ட டீலரிடம் செய்திருக்க வேண்டும்". இன்னொன்று, "அட்டவணைப்படி பராமரித்ததற்கு ஆதாரம் வேண்டும்". முதல் வகையில் அட்டவணை சர்வீஸ் ஒன்று வெளியே போனாலும் மறுக்க அவர்களுக்குக் காரணம் கிடைத்துவிடும். இரண்டாவதில் யார் செய்தாலும் ஆதாரம் கேட்பார்கள், அவ்வளவுதான்.

இதற்கு மேல் அந்தந்த நாட்டுச் சட்டம் இருக்கிறது. அமெரிக்காவில் 1975-இல் வந்த மேக்னசன்-மாஸ் வாரண்டி சட்டப்படி, இன்ன பிராண்டு பார்ட்டைத்தான், இன்னாரிடம்தான் என்று வாரண்டியைக் கட்டிப்போடக் கூடாது; இலவசமாகத் தந்தால் தவிர, அல்லது தனி அனுமதி பெற்றிருந்தால் தவிர. 2022-இல் ஹார்லி-டேவிட்சன் மீது அங்கே ஃபெடரல் டிரேட் கமிஷன் நடவடிக்கை எடுத்தது இந்தச் சட்டத்தின் அடிப்படையில்தான். எல்லா நாட்டிலும் இந்தப் பாதுகாப்பு இல்லை. உங்கள் நாட்டு நுகர்வோர் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

என் கருத்து: இரண்டு வருடத்துக்கும் அட்டவணை சர்வீஸ் எல்லாம் டீலரிடமே போகட்டும். அதற்கு நடுவில் கூடுதலாக ஆயில் மாற்றுவது, செயின் பார்ப்பது உங்கள் கையில் இருக்கட்டும். நடுவில் ஒரு முறை நல்ல ஆயில் ஊற்றியதற்காக வாரண்டி முழுவதும் ரத்தாகாது. ஆனால் ட்ரெயின் போல்ட் (ஆயில் வடிக்கும் போல்ட்) கழன்று இன்ஜின் இறுகி சீஸ் ஆனால் அந்தச் செலவு உங்களுடையது. அதை எந்த வாரண்டியும் ஏற்காது.

---

ஸ்பேனர்செட்

மேலே சொன்னதோடு ஒத்துப்போகிறேன். வீட்டில் ஆயில் மாற்றும்போது எங்கே தவறு நடக்கிறது என்று மட்டும் எழுதுகிறேன்.

பாட்டிலில் 10W-40 என்ற ஆயில் கனத்தை மட்டும் பார்த்தால் போதாது, ஜாஸோ (JASO, ஜப்பானியத் தரக்குறி) எம்ஏ அல்லது எம்ஏ2 என்று இருக்க வேண்டும். கிளட்ச் அதே ஆயிலில்தான் நனைந்து ஓடுகிறது. கார் ஆயிலில் உராய்வைக் குறைக்கும் சேர்மானம் இருந்தால் கிளட்ச் வழுக்கும். ஜாஸோ எம்பி, கிளட்ச் தனியாக இருக்கும் ஸ்கூட்டர்களுக்கானது, அதை ஊற்றாதீர்கள்.

அளவு என்று மேனுவலில் மூன்று எண் இருக்கும்: வடித்தால் மட்டும், ஃபில்டரும் மாற்றினால், இன்ஜின் பிரித்தால். உதாரணத்துக்கு 1.4, 1.5, 1.8 லிட்டர் என்று இருக்கும். பலர் கடைசி எண்ணைப் பார்த்து ஊற்றிவிடுகிறார்கள். மிஞ்சிய ஆயில் பிரீதர் (இன்ஜின் காற்று வெளியேறும் குழாய்) வழியாக ஏர் ஃபில்டர் இருக்கும் ஏர்பாக்ஸுக்கு ஏறிவிடும். முதலில் 200 மில்லி குறைவாக ஊற்றி, இரண்டு மூன்று நிமிடம் ஐடிலில் ஓடவிட்டு அணையுங்கள். ஆயில் கீழே இறங்கியதும் வண்டியை நேராக நிறுத்தி இன்ஜினில் உள்ள ஆயில் அளவுக் கண்ணாடியில் பார்த்து நிரப்புங்கள். சைடு ஸ்டாண்டில் சாய்ந்திருந்தால் அளவு பொய் சொல்லும்.

ட்ரெயின் போல்ட் வாஷர் ஒவ்வொரு முறையும் புதிது. அந்த அலுமினிய வாஷர் ஒரு முறை நசுங்கித்தான் அடைக்கும். பழையதையே போட்டால் ஓரத்தில் ஆயில் கசியும். கசிகிறதே என்று இன்னும் இறுக்குவார்கள், அலுமினிய கேஸில் மரை போய்விடும். டார்க் ரெஞ்ச் (இறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பேனர்) வைத்து மேனுவல் சொல்லும் அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். பல வண்டிகளில் அது 20 முதல் 30 நியூட்டன் மீட்டருக்குள் வரும்.

ஃபில்டரைக் கழற்றியதும் அதன் ரப்பர் வளையம் கூடவே வந்துவிட்டதா என்று விரல் விட்டுத் தடவிப் பாருங்கள். பழைய வளையம் இன்ஜின் முகத்தில் ஒட்டிக்கொண்டிருக்க, அதன் மேல் புதிய ஃபில்டர் ஏறினால் நிற்கும்போது கசியாது. ரெவ் ஏறியதும் பிய்த்துக்கொண்டு பின் டயரில் அடிக்கும். மூடிக்குள் வைக்கும் காகித வகை என்றால் எந்தப் பக்கம் வெளியே என்று அதிலேயே குறி இருக்கும். திருப்பிப் போட்டால் ஆயில் ஓட்டம் தடைபடும்.

செயின் ஸ்லாக் (தளர்வு) அளவு, பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மில் உள்ள ஸ்டிக்கரில் இருக்கும். இரண்டு மூன்று இடத்தில் சக்கரத்தைச் சுற்றி, மிக இறுக்கமான இடத்தில் அளந்து வையுங்கள். அதிக இறுக்கம், தளர்வை விட மோசம். கியர்பாக்ஸ் அவுட்புட் பேரிங்கையே தின்றுவிடும்.

---

நீள்சாலை

இருவருக்கும் நன்றி. அப்படியென்றால் நடுவில் செய்த வேலைக்கு ஆதாரமாக என்னென்ன வைத்துக்கொள்ள வேண்டும்? வால்வ் கிளியரன்ஸும் (வால்வ் இடைவெளி) நானே பார்த்துக்கொள்ளலாமா?

---

ஜாப்கார்டு

ஃபில்டரையும் வாஷரையும் டீலர் பார்ட்ஸ் கவுன்ட்டரிலேயே வாங்கி, பில்லில் உங்கள் சேஸிஸ் எண்ணைப் போடச் சொல்லுங்கள். இந்த வண்டிக்கு இந்தத் தேதியில் சரியான பார்ட் வாங்கியது அவர்கள் சிஸ்டத்திலேயே நிற்கும். ஆயில் பில்லில் பிராண்டு, கிரேடு, லிட்டர் மூன்றும் இருக்கட்டும். வேலை செய்த அன்று ஓடோமீட்டரையும் ஆயில் பாட்டில் பின்பக்க லேபிளையும் படம் எடுங்கள். தெர்மல் தாளில் அடித்த பில் ஒரு வருடத்தில் வெளுத்துவிடும், வாங்கிய அன்றே ஸ்கேன் செய்யுங்கள்.

வால்வ் பக்கம் வாரண்டி முடியும்வரை போகாதீர்கள். ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் சிறு தகடு) வகை என்றால் பெரும்பாலும் வால்வைத் திறக்கும் கேம்ஷாஃப்டைக் கழற்ற வேண்டிவரும். டைமிங் ஒரு பல் தவறினாலும் வால்வும் பிஸ்டனும் மோத வாய்ப்புண்டு. இன்ஜின் சம்பந்தப்பட்ட எந்தக் கிளெய்முக்கும் அதைத்தான் முதலில் காட்டுவார்கள்.

கிளெய்ம் வரும்போது பார்ப்பது இதைத்தான்: இந்தப் பழுதுக்கும் இந்தப் பராமரிப்புக்கும் தொடர்பு உண்டா? ஆயில் வடிந்து கிராங்க் பேரிங் போனால் உங்கள் ஆயில் வேலை கேள்விக்குள்ளாகும். மீட்டர் டிஸ்ப்ளே அணைந்தால் அதற்கும் ஆயிலுக்கும் சம்பந்தமில்லை. மறுத்தால் எந்த விதியின் கீழ், என்ன காரணத்துக்காக என்று எழுத்தில் கேட்டு, கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கு நேரே அனுப்புங்கள். டீலர் வாயால் சொல்லும் "கிடையாது", கம்பெனி எடுத்த முடிவு ஆகாது.

சைலன்சர் மாற்றும் முன், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள். அது முன்குழாயில் இருந்து, பின்பகுதியை மட்டும் மாற்றினால் ஆபத்து குறைவு. முழு சிஸ்டமும் மாற்றி ஆக்சிஜன் சென்சாரை நீக்கினால் எரிபொருள் கலவை மாறும். பிறகு பிஸ்டன், வால்வ் கிளெய்ம் எல்லாம் சிக்கல்தான். இசியு ரீமேப் (இன்ஜின் கம்ப்யூட்டரின் ஃபைலை மாற்றி எழுதுவது) வேண்டவே வேண்டாம். திரும்பப் பழைய ஃபைலை ஏற்றினாலும், எத்தனை முறை எழுதப்பட்டது என்பதைப் பல இசியுக்கள் கணக்கு வைத்திருக்கும். கழற்றிய ஒரிஜினல் சைலன்சரைப் பத்திரமாக வையுங்கள்.

விளக்குக்கு, ஒரிஜினல் வயரை வெட்டி இணைக்காதீர்கள். பேட்டரியிலிருந்து ஃபியூஸ், ரிலே வழியாகத் தனி லைன் இழுங்கள். ரிலேயை இயக்க மட்டும் கம்பெனி கொடுத்திருக்கும் ஆக்சஸரி கனெக்டரைப் பயன்படுத்துங்கள். வெட்டிய வயர் ஒன்று இருந்தாலும் ரெகுலேட்டர், ஸ்டேட்டர், இசியு என எந்த எலெக்ட்ரிக்கல் கிளெய்மும் அதில் போய் முட்டும்.

---

டார்க்ரெஞ்ச்

வால்வ் விஷயத்தில் ஒன்று சேர்க்கிறேன். அட்டவணையில் கிளியரன்ஸ் சோதனை வரும் சர்வீஸில், அளந்த எண்களை மில்லிமீட்டரில் ஜாப் கார்டில் (டீலர் எழுதும் வேலைத் தாள்) எழுதித் தரச் சொல்லுங்கள், இன்டேக் தனி, எக்ஸாஸ்ட் தனி. "செக்ட், ஓகே" என்று டிக் அடித்த தாளை ஏற்காதீர்கள். இன்ஜின் குளிர்ந்த பிறகுதான் அளக்க வேண்டும் என்பதால் முந்தின நாளே வண்டியை விட்டுவிடுவது நல்லது. அளவு குறைந்துகொண்டே வந்தால் வால்வ் சீட்டில் முழுதாக உட்காராமல் எரியத் தொடங்கும், வெளியே சத்தம்கூட வராது.

எந்தக் குறை சொன்னாலும் அது ஜாப் கார்டில் நீங்கள் சொன்ன வார்த்தையிலேயே ஏற வேண்டும். "ஜெனரல் செக்கப்" என்று எழுதினால் திருத்தச் சொல்லுங்கள். வாரண்டிக்குள் எழுத்தில் பதிந்த குறை, காலம் முடிந்த பிறகு திரும்ப வந்தாலும் வாதாட இடமிருக்கும். வாயால் சொன்னதற்கு மதிப்பில்லை.

ரீகால் (தயாரிப்புக் குறைக்காகக் கம்பெனியே வண்டிகளைத் திரும்ப அழைப்பது) வேறு, வாரண்டி வேறு. சர்வீஸ் சீல் இல்லாத வண்டிக்கும் பாதுகாப்பு ரீகால் இலவசமாகச் செய்து தருவார்கள். சேஸிஸ் எண்ணைக் கொடுத்து இப்போதே நிலுவை ஏதும் இருக்கிறதா என்று கேளுங்கள்.

எக்ஸ்டெண்டட் வாரண்டி எடுப்பதாக இருந்தால் அது தனி ஒப்பந்தம், நிபந்தனைகளும் தனி. முதல் வருடத்திலிருந்தே எல்லா சர்வீஸும் டீலரிடம் நடந்திருக்க வேண்டும் என்று அதில் இருக்கக்கூடும். பணம் கட்டும் முன் அந்தத் தாளைக் கையில் வாங்கிப் படியுங்கள்.