டவுன் சிண்ட்ரோம்: நாக்கு பெரிதா, வாய் சிறிதா? டான்சில் ஆபரேஷனுக்கு முன் என்ன கேட்க வேண்டும்?

கேள்வி:
வணக்கம். மகளுக்கு நான்கு வயது, டவுன் சிண்ட்ரோம். நாக்கு எப்போதும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. இரவில் குறட்டை, சில நேரம் உட்கார்ந்தபடியே முன்னால் குனிந்து தூங்குகிறாள். டான்சில், அடினாய்டு (மூக்கின் பின்னால் உள்ள சதை) இரண்டையும் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். நாக்கையும் வெட்டிச் சிறிதாக்க வேண்டுமா? மயக்க டாக்டரிடம் என்னென்ன பேச வேண்டும்?

பதில் 1 (காது மூக்கு தொண்டை):
பெரும்பாலும் நாக்கின் அளவு இயல்பாகத்தான் இருக்கும். முகத்தின் நடுப்பகுதியும் மேல்தாடையும் வளராமல், அண்ணம் குறுகியிருப்பதால் நாக்குக்கு இடம் போதவில்லை. தசைத் தளர்வும் சேர்வதால் அது முன்னே வந்து விழுகிறது. மூக்கு அடைத்திருந்தால் வாயைத் திறந்தே மூச்சுவிடுவாள், நாக்கு இன்னும் வெளியே வரும். ஆகவே முதலில் மூக்கும் அடினாய்டும்தான். நாக்கை வெட்டும் பேச்சு இப்போது வேண்டாம்.

குனிந்து தூங்குவதை அவசியம் டாக்டரிடம் சொல்லுங்கள். மூச்சுப்பாதையைத் திறந்து வைக்க உடம்பே தேடிக்கொள்ளும் நிலை அது. ஆபரேஷனுக்கு முன்பே ஸ்லீப் ஸ்டடி (தூங்கும்போது மூச்சையும் ஆக்ஸிஜனையும் பதிவு செய்யும் பரிசோதனை) எடுத்துவிடுவது நல்லது. அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி, குறட்டை இல்லாவிட்டாலும் 3 முதல் 4 வயதுக்குள் எடுக்கச் சொல்கிறது, ஏனென்றால் பெற்றோர் கண்ணுக்குத் தெரிவதை வைத்து மூச்சுத்தடையை அளவிட முடியாது.

பதில் 2 (மயக்கவியல்):
இரண்டு விஷயங்கள் முக்கியம். ஒன்று டியூப், அதாவது மயக்கத்தில் மூச்சுவிட மூச்சுக்குழாய்க்குள் செலுத்தும் குழாய். குரல்வளைக்குக் கீழே மூச்சுக்குழாய் டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளுக்குக் குறுகியிருக்கும். வயதை நாலால் வகுத்து நாலைக் கூட்டும் கணக்குப்படி, பலூன் இல்லாத டியூப் 5 மி.மீ. வரும். இவளுக்கு 4 அல்லது 4.5-இல் தொடங்குவதே சரி, 20 செ.மீ. நீர் அழுத்தத்தில் சுற்றிலும் கொஞ்சம் காற்று கசிய வேண்டும். இறுக்கமாகத் திணித்தால் உட்படலம் வீங்கி, டியூபை எடுத்தபின் மூச்சு இழுக்கும்போது கீச்சென்று சத்தம் வரும். நாளடைவில் தழும்பாகவும் குறுகலாம்.

இரண்டாவது கழுத்து. கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளுக்கு இடையே தசைநார் தளர்ந்திருக்கலாம். டான்சில் எடுக்கத் தலையை நன்றாகப் பின்னால் சாய்ப்பதும், பக்கவாட்டில் திருப்புவதும் தண்டுவடத்தை நெருக்கும். எக்ஸ்ரே சரியாக இருந்தாலும் அது முழு உத்தரவாதம் ஆகாது. நடை மாறியிருக்கிறதா, தலை ஒரு பக்கம் சாய்கிறதா, கட்டுப்பாட்டில் இருந்த சிறுநீர் மறுபடி போகிறதா என்று கவனித்து, ஒன்று இருந்தாலும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

செவோஃப்ளூரேன் என்ற மயக்க வாயுவைக் கொடுக்கும்போது இதயத் துடிப்பு சட்டெனக் குறைவது இவர்களிடம் அதிகம். துடிப்பைக் கூட்டும் அட்ரோபின் மருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். இதய எக்கோ அறிக்கை, தைராய்டு பரிசோதனை முடிவு இரண்டையும் கொண்டுவாருங்கள்.

பதில் 3 (காது மூக்கு தொண்டை, தொடர்ச்சி):
அன்றே வீட்டுக்கு அனுப்பச் சொல்லிக் கேட்காதீர்கள். வீக்கமும் வலிமருந்தும் சேர்ந்து முதல் இரவில் ஆக்ஸிஜன் இறங்கும். ஆக்ஸிமீட்டரோடு வார்டில் இருக்கட்டும். டான்சில் எடுத்தபின் மூச்சுத்தடை முழுதும் போகாத குழந்தைகள் இவர்களில் நிறையப் பேர். நாக்கின் பின்பகுதியில், தொண்டைப் பக்கம் உள்ள டான்சில் திசு பெரிதாகியிருக்கலாம், அல்லது நாக்கின் அடிப்பகுதியே பின்னால் சரியலாம். இரண்டு மூன்று மாதம் கழித்து, குறட்டை நின்றிருந்தாலும், ஸ்லீப் ஸ்டடியைத் திரும்ப எடுங்கள்.