பொருள்: வால்ராஸின் "தாத்தொன்மான்", தமிழில் எப்படி?

நண்பர்களே, பிரெஞ்சுப் பொருளியலாளர் லெயோன் வால்ராஸ் பற்றிய அத்தியாயம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. தாத்தொன்மான் என்ற பிரெஞ்சுச் சொல்லில் சிக்கி நிற்கிறேன். இருட்டில் கைநீட்டித் தடவித் தேடுவது என்று பொருள்; வால்ராஸ் அதைச் சந்தை விலைக்குச் சொல்கிறார். தேவை அளிப்பை மிஞ்சினால் விலையை ஏற்று, குறைந்தால் இறக்கு. எல்லாச் சந்தைகளும் ஒருசேரச் சமநிலைக்கு வரும்வரை இதையே செய். 1874இல் வெளிவரத் தொடங்கிய அவர் நூலின் உயிர்நாடி இது. இப்போதைக்குத் "துழாவல்" என்று போட்டிருக்கிறேன். சரிதானா?

மறுமொழி:
அகப்பையால் கூழைத் துழாவுகிறவர் எதையும் தேடுவதில்லை ஐயா. "தடவல்" என்பதே நேர். தொல்காப்பியம் "தடவும் கயவும் நளியும் பெருமை" என்கிறது. அதோடு விடவில்லை, "தட என் கிளவி கோட்டமும் செய்யும்" என்றும் சொல்கிறது. கோட்டம் என்றால் வளைவு. தேவைக்கோடும் அளிப்புக்கோடும் வளைகோடுகள்தாமே!

மறுமொழி:
உரிச்சொல் தடவுக்கும் கையால் தடவுவதற்கும் என்ன உறவு? தடக்கை பெரிய கை, தடவுகிற கை அல்ல. "விலைத் தடவல்" என்றால் தைலம்தான் நினைவுக்கு வரும். பேசாமல் மூலச்சொல்லையே எழுதுங்கள்.

மறுமொழி:
எழுதலாம். தொண்டைமானுக்கு உறவா என்று கேட்பார்கள், பரவாயில்லையா?

மறுமொழி:
பொருளியல் கற்பிப்பவள் என்ற முறையில் ஒரு வார்த்தை. இருட்டில் கைநீட்டும் படிமத்தில் முக்கியமானது விட்டுப்போகிறது. சமநிலை விலை அமையும்வரை கொடுக்கல் வாங்கல் கிடையாது. 1900இல் வந்த நான்காம் பதிப்பில் வால்ராஸ் உற்பத்தியாளர்களுக்கும் உறுதிச்சீட்டு (இந்த விலைக்கு இவ்வளவு தருவேன் என்ற வாக்கு) ஏற்பாடு செய்து, அதுவரை எதையும் உற்பத்தி செய்ய விடாமல் வைத்தார். எல்லாமே ஒத்திகை. "விலை வெள்ளோட்டம்" என்றால் உடனே புரியும்.

மறுமொழி:
வெள்ளோட்டம் அழகான சொல். ஆனால் அது ஒருமுறை நடப்பது, ஓடியும் முடிவது. இது முடியும் என்பதற்கே உறுதியில்லை. பொருளியலாளர் ஹெர்பர்ட் ஸ்கார்ஃப் 1960இல் காட்டிய எடுத்துக்காட்டில் விலைகள் சமநிலையைச் சுற்றிச் சுற்றியே வரும், சேராது. அகப்பை சுற்றுவதும் அப்படித்தானே? என் வாக்கு துழாவலுக்கு. வால்ராஸும் துழாவியவர்தான்: கணக்குப் போதாமல் பிரான்சின் பொறியியல் கல்லூரியான எகோல் பொலித்தெக்னிக் நுழைவுத்தேர்வில் இரண்டு முறை தவறி, நாவல் எழுதி, ரயில்வேயில் வேலை பார்த்து, அப்புறம் 1870இல் சுவிட்சர்லாந்தின் லோசானில் பேராசிரியரானார்.

மறுமொழி:
வாழ்க்கை வரலாற்றை வைத்துக் கலைச்சொல் ஆக்குவது எந்த இலக்கணத்தில் இருக்கிறது?

மறுமொழி:
நேரமில்லை. "விலைத் துழாவல்" என்றே விடுகிறேன், முதல்முறை வரும்போது மட்டும் மூலச்சொல்லும் பக்கத்தில் இருக்கும். எல்லோருக்கும் நன்றி.

மறுமொழி:
என் வகுப்பில் வெள்ளோட்டம்தான். அது இருக்கட்டும், அதே அத்தியாயத்தில், அளிப்பை மிஞ்சும் தேவைக்கு "மிகைத்தேவை" என்று பார்த்தேன். மிகை என்றால் வேண்டாதது என்றும் பொருள்படுமே, அதை யார் முடிவு செய்தது?