நீராவி அறைக்கு வாசல்: கதவா, திரவப் பூட்டா?

நொய்யல்வாசி:
ஆக்ஸிஜன் நாட் இன்க்ளூடட் என்ற கம்ப்யூட்டர் கேம் ஆடுபவர்களுக்கு ஒரு கேள்விங்க. நீராவியில் கரண்ட் எடுக்கிற டர்பைன் வைத்த அறைக்குள் ஆள் போய்வர வேண்டும், நீராவி வெளியே வரக்கூடாது. இரண்டு மெக்கானிக்கல் கதவு போதுமா, வழியில் திரவத்தை நிறுத்தி வாயுவை மறிக்கிற திரவப் பூட்டே போட்டுவிடலாமா? தீபாவளி லீவு முடிந்து கம்பெனி திறப்பதற்குள் கட்டிவிட ஆசை.

பம்ப்செட்:
திரவப் பூட்டுதான். இந்த ஆட்டத்தில் ஒரு கட்டத்துக்குள் ஒரு பொருள்தான் இருக்க முடியும். திரவம் நிற்கிற கட்டத்தில் வாயு நுழையாது, ஆள் மட்டும் கடப்பான். பாதையைப் பள்ளமாக இறக்கி, பள்ளத்தின் கூரை திரவத்தில் முங்கும்படி கட்டி, மறுபக்கம் மேலே ஏற்றிவிடுங்கள். கதவென்றால் திறக்கிற போதெல்லாம் கொஞ்சம் வாயு கூடவே வரும். தண்ணீரை மட்டும் ஊற்றிவிடாதீர்கள். டர்பைனுக்கு நீராவி 125 டிகிரியாவது இருக்க வேண்டும், தண்ணீரோ 100-ஐ ஒட்டியே ஆவியாகிவிடும். கச்சா எண்ணெய் கிட்டத்தட்ட 400 வரை தாங்கும்.

பாய்லர்காரன்:
சுத்த ஏமாற்று வேலை. நான் சாயப்பட்டறை பாய்லரோடு மல்லுக்கட்டுகிறவன். ஒரு கிலோ பிரஷரைத் தண்ணீரால் மறிக்கவே 10 மீட்டர் ஹெட், அதாவது அவ்வளவு உயரத் தண்ணீர் வேண்டும், 10 கிலோ என்றால் 100 மீட்டர். இது கோயமுத்தூர்க்காரருக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும்? ஆட்டத்தில் கொஞ்சம் எண்ணெய் எவ்வளவு அழுத்தம் வந்தாலும் அசையாமல் நிற்கிறது. இரண்டு கதவு, நடுவில் கேஸ் பம்ப், ஒரு சென்சார். அதுதான் பொறியியல்.

பம்ப்செட்:
அண்ணா, அதே ஆட்டத்தில் எண்ணெய் தண்ணீருக்கு அடியில் போய்த் தங்குகிறது. அதற்கு என்ன சொல்வீர்கள்? வாஷ்பேசின் அடியில் வளைந்த குழாயில் நிற்கிற தண்ணீர்தான் சாக்கடை வாயுவை மறிக்கிறது. யோசனை நிஜம், கணக்கு மட்டும் ஆட்டத்துடையது. அப்புறம் உங்கள் கதவுக்கு 120 வாட் கரண்ட் வேண்டும். கரண்ட் போனால் ஆமை வேகத்தில்தான் திறக்கும். பம்ப் இழுத்து முடிக்கிற வரை ஆள் நடுவில் நிற்க வேண்டும்.

பாய்லர்காரன்:
நிற்கட்டுமே, பஸ்ஸையா விடப்போகிறான்?

மஞ்சள்மண்டி:
இரண்டு பேரும் வெப்பத்தை மறந்துவிட்டீர்கள். திரவம் வாயுவைத்தான் தடுக்கும், வெப்பம் அதன் வழியாகத் தாராளமாக வரும். ஒரே பூட்டு போட்டால் நாளடைவில் வெளிப் பக்கமும் அடுப்படிதான். இரண்டு பூட்டு போட்டு, நடுவில் உள்ள காற்றைப் பம்ப் வைத்து மொத்தமாக உறிஞ்சிவிடுங்கள். வெற்றிடத்தில் சூடு கடக்காது. சுற்றிலும் வெப்பத்தைத் தடுக்கிற இன்சுலேட்டட் டைல். கொஞ்சமாக ஊற்றுகிற பூட்டு என்றால் அந்த இடத்தில் துடைக்கச் சொல்லி ஆர்டர் போட்டுவிடாதீர்கள், துடைத்த திரவம் பாட்டிலில் சேரும், பூட்டே போய்விடும்.

பாய்லர்காரன்:
அக்கா சொல்கிற வெற்றிடம் சரி. அதை என் கதவுக்கு நடுவிலும் வைக்கலாமே.

மஞ்சள்மண்டி:
வைக்கலாம். ஆள் நுழைகிற ஒவ்வொரு தடவையும் அது கெடும், பம்ப் மறுபடி ஓட வேண்டும். திரவத்துக்கு நடுவில் ஒரு தடவை உறிஞ்சினால் போதும்.

பம்ப்செட்:
விஸ்கோ ஜெல் என்ற கெட்டித் திரவம் கிடைத்தால் பள்ளமே வேண்டாம், சுவர் மாதிரி நேராக நிற்கும். ஆனால் அதைச் செய்ய விண்வெளிக்குப் போய் ஐசோரெசின் என்ற மூலப்பொருள் கொண்டுவர வேண்டும். இந்த லீவுக்குள் நடக்காது.

நொய்யல்வாசி:
சரிங்க, கச்சா எண்ணெய், இரண்டு பூட்டு. ஆள் போட்டுக்கொள்கிற பாதுகாப்பு உடையை மாட்டிவைக்கிற அட்மோ சூட் டாக்கை எந்தப் பக்கம் வைப்பது?

மஞ்சள்மண்டி:
வெளிப் பக்கம், முதல் பூட்டுக்கு முன்னால். கடக்கிறவனை சூட் போடவைக்கிற செக்பாயின்ட்டையும் சேர்த்தே வையுங்கள். சூட் போட்டவன் எண்ணெயில் முங்கினாலும் நனைய மாட்டான், மன அழுத்தமும் ஏறாது.